முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு: எங்களுக்கு வந்த சிக்கல்கள்

அம்மாவுக்கு வலது முட்டி மாற்றினோம். மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். தையல் பிரித்த பிறகும் தழும்பின் கீழ்முனையில் ஒரு புள்ளி மட்டும் காயவேயில்லை. புடவை அதில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மஞ்சளாக ஈரம். காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்ப டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். கசிவு நின்றது. மாத்திரை தீர்ந்ததும் திரும்ப ஆரம்பித்தது.

ஆபரேஷன் செய்த டாக்டர் முதலில் கேட்டதே, "ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீங்களா?" என்றுதான். மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்க்க வேண்டும். உடம்பில் மருந்து இருந்தால் கிருமி இருந்தும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம். அவசரம் இல்லையென்றால் குறைந்தது 2 வாரமாவது மருந்தை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார்களாம். கிருமி செயற்கை மூட்டின் உலோகத்தின் மேல் படலம் கட்டிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. அம்மாவுக்கு மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினார்கள். முற்றியிருந்தால் மொத்தத்தையும் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட் வைத்து, கிருமி போன பிறகு இன்னொரு ஆபரேஷன். காயம் கசிந்தால் நேராக ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள்.

* * *

தம்பி, எனக்கும் முட்டி மாத்தினாங்க. கிருமியெல்லாம் இல்லை, விறைப்புதான். வலிக்கு இதமா இருக்குன்னு முட்டிக்கு அடியில தலையணை வைக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை. பிசியோ பொண்ணு வந்து முதல் வேலையா அதை உருவிப் போட்டா. அப்படியே படுத்தா கால் மடங்கினபடியே இறுகிடுமாம். குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு முட்டியை அந்தரத்துல விட்டா. உயிர் போச்சு! கால் நீண்டுச்சு, மடக்கத்தான் 70 டிகிரி தாண்டலை. படி ஏற 90 ஆவது வேணும். கடைசியில மயக்கம் குடுத்து டாக்டரே மடக்கிவிட்டார். இதை முதல் 3 மாசத்துக்குள்ள செஞ்சாத்தான் பலன் அதிகமாம்.

* * *

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போனது, நடக்கும்போது 'டிக்' சத்தம் இரண்டுக்கும் நான் பயந்தது வீண். தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதாலும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவதாலும் வருவது. பல மாதம் முட்டி சூடாக இருப்பதும் சகஜம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே எமர்ஜென்சிக்கு. கெண்டைக்காலை நீவிவிட யாரையும் விடாதீர்கள்.