செட்டில்மெண்ட் வீடு, பட்டா என் பேரில், ஆனாலும் விற்க முடியவில்லை. அவசரம்!

வேப்பமரத்தடி: அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த வீடு. பட்டா, வீட்டு வரி, கரண்ட் எல்லாம் என் பேரில்தான். வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். அட்வான்ஸ் வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை கிரயம். இப்போது போய் வாங்குகிறவரின் வக்கீல் இப்படியே விற்க முடியாது என்கிறார். ஏன் சார் என்றால் "உங்கள் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்" என்று போனை வைத்துவிட்டார். என்ன செய்ய?

ஒற்றைத்திண்ணை: எழுதிக் கொடுத்தார் என்றால் இறந்த பிறகு செல்லும் உயிலா, உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுக்கும் செட்டில்மெண்டா? பதிவானதா? அப்பா இருக்கிறாரா?

மணல்மேடு: தலைப்பிலேயே செட்டில்மெண்ட் என்றுதானே போட்டிருக்கிறார். அக்கா தங்கை உண்டா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கு அப்புறம் பெண்களுக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் ஒரு கிரயம் அதனால்தான் நின்றது. இதுவும் அதேதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபத்திரம்: "பட்டா என் பேரில்" என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமை பத்திரத்தில் இருக்கிறது. மணல்மேடு, அந்தத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. அப்பாவின் சுய சம்பாத்தியமாக இருந்தால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முதலில் வாசகத்தைப் போடச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி: அப்பா சொந்தமாக வாங்கியதுதான். 2011-ல் பதிவு. அப்பா தவறிவிட்டார், அம்மா என்னோடு இருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நானும் என் மனைவியும் எங்கள் ஜீவிய காலம் வரை மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ளவும், அதன்பின் நீ சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும் வேண்டியது. எக்காலத்தும் எவருக்கும் விற்கக் கூடாது."

ஒற்றைத்திண்ணை: அட, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அம்மாவுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை இருக்கிறது. அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் விற்றால் வாங்குகிறவருக்கு அந்த உரிமையோடு சேர்த்துத்தான் வீடு போகும், யார் வாங்குவார்? அம்மாவும் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் தன் உரிமையை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது செல்லாது. "விற்கக் கூடாது" வரிக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம், முழு உரிமையைக் கொடுத்துவிட்டு அடியோடு விற்கவே கூடாது என்பது 1882 சொத்து மாற்றுச் சட்டம் 10-ம் பிரிவில் நிற்காது. பத்திரம் முழுவதையும் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மணல்மேடு: அப்படியென்றால் வில்லங்கத்தில் ஏன் வரவில்லை?

பழையபத்திரம்: செட்டில்மெண்ட் என்று ஒரு வரி வந்திருக்கும், அதற்குள் என்ன நிபந்தனை என்று அதில் வராது. நகல் எடுத்துப் படிக்க வேண்டும். உயில் என்றால் அந்த ஒரு வரியும் வராது, பதிவு அலுவலகத்தில் அது தனியாக 3-ம் புத்தகத்தில் இருக்கும்.

மணல்மேடு: சரி, பட்டா ஒன்றுமே இல்லை என்றால் பத்திரம் பதியப் போனால் எதற்குக் கேட்கிறார்கள்?

பழையபத்திரம்: கேட்பது வேறு, உரிமை தருவது வேறு.

மணல்மேடு: பட்டா இல்லாத நிலத்தை நீங்கள் வாங்குவீர்களா?

வேப்பமரத்தடி: அம்மா கையெழுத்துப் போடுகிறாராம், பணத்தில் பாதி அவர் பேரில் டெபாசிட் போடவேண்டுமாம். கிரயம் அடுத்த வாரம். நன்றி.

மணல்மேடு: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.