போன் ரெக்கார்டர்ல 60 ஃப்ரேம் வருதாம்! எந்தக் கணக்குல?

சீனு_எஸ்பிரோடு
நம்ம பெங்களூரு மொபைல் கேமிங் குரூப்புல நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார்: "போன்லயே இருக்கிற ரெக்கார்டர் செகண்டுக்கு 60 ஃப்ரேம் (படம்) தரும், எல்லா சத்தமும் வரும், கேப்சர் கார்டு வாங்குறவன் ஏமாளி." (கேப்சர் கார்டுன்னா போன் படத்தை கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு வாங்கிக் குடுக்கிற பெட்டி.) பேர் சொல்லல, அவரே வந்து நிப்பார் பாருங்க.

செட்டிங்ல 60னு இருந்தா ஃபைல்ல 60 இருக்குமா? போர்டுல நெய் ரோஸ்ட்னு எழுதினா தோசையில நெய் இருக்கணும்னு சட்டமா? ஃபைலை கம்ப்யூட்டருக்கு மாத்தி ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல திறங்க. ஃப்ரேம் ரேட் மோடுங்கிற வரில 'வேரியபிள்'னு நிக்கும், அதாவது எண்ணிக்கை மாறிக்கிட்டே இருக்கு. அதுக்குக் கீழ மினிமம் ஒண்ணு, மேக்ஸிமம் ஒண்ணு. திரையில ஏதாவது மாறினாத்தான் ஆண்ட்ராய்டு ரெக்கார்டருக்கு புது ஃப்ரேமே தள்ளும். லோடிங் படம் அசையாம நிக்குதா, ஃப்ரேம் வராது. போன் கொதிச்சு கேமே 45க்கு இறங்கினா ரெக்கார்டிங்கும் கூடவே இறங்கும். அப்ப 60 எங்க?

அல்சூர்_ஸ்னைப்பர்
நான்தான் எழுதினேன். ஜாடை பேச வேண்டாம் அண்ணே, பேரையே சொல்லுங்க. கேம் 60ல ஓடுறப்ப 60 பதிவாகுது, லோடிங் படத்துக்கு 60 எதுக்கு? ஐபோன்ல 2017லேர்ந்து, ஐஓஎஸ் 11 வந்த நாள்லேர்ந்து ரெக்கார்டர் உள்ளேயே இருக்கு. ஆண்ட்ராய்டு 11ல, 2020ல, இங்கயும் வந்தாச்சு. 1080 வரி, 60 ஃப்ரேமுக்கு யூடியூப் கேக்குறது 12 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு மெகாபிட்). நீங்க 20 வச்சாலும் நிமிஷத்துக்கு 150 எம்பி, ஒரு மணி நேரம் 9 ஜிபி. போன் தாங்கும். கார்டு வித்தாத்தான் சிலருக்கு பொழப்பு ஓடும், அது தெரிஞ்ச கதைதானே.

சீனு_எஸ்பிரோடு
பேர்ல எஸ்.பி. ரோடுன்னு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு இருந்தா நான் கடைக்காரனா? அல்சூர்ல இருக்கிறவங்க எல்லாம் ஏரியிலயா குடியிருக்கீங்க? பேச்சை மாத்தாதீங்க.

பத்து நிமிஷ ஃபைல், சராசரி 58 ஃப்ரேம்னு வைங்க. மொத்தம் 34,800. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எழுதியிருக்கிற நேரத்தை (டைம்ஸ்டாம்ப்) மதிக்காத எடிட்டர் அதை 60ன்னு நம்பி ஓட்டினா படம் 580 செகண்டுல முடிஞ்சிடும். சத்தம் 600. இருபது செகண்டு இடிக்குது. ஆள் செத்து விழுந்த பிறகுதான் துப்பாக்கி சத்தம் கேக்கும். "ஆடியோ சிங்க் ஆகல"ன்னு இங்க வாரத்துக்கு நாலு பேர் அழுவுறது இதுக்குத்தான். 60னா 60 இருக்கணும். 58 வேற, 60 வேற.

அல்சூர்_ஸ்னைப்பர்
அதை ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்', 60னு தேர்ந்தெடுத்து ஒரு தடவை மாத்தினா தீர்ந்துச்சு. எடிட்டருக்குள்ள போடுறதுக்கு முன்னாடி மாத்தணும், பின்னாடி இல்ல. இதுக்குப் போயி கார்டா?

சீனு_எஸ்பிரோடு
இல்லாத ஃப்ரேமை அது எங்கேர்ந்து கொண்டு வருது? பக்கத்து ஃப்ரேமையே இன்னொரு தடவை ஒட்டுது. காலியான இட்லித் தட்டுல பழைய இட்லியை வச்சு எண்ணிக்கையை சரி பண்றீங்க. அந்த 60 எங்க?

கேஆர்புரம்_கேபிள்
குரு, ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் தப்பு. சீனு பெருமைப்படுற கார்டைப் பாப்போம். எஸ்.பி. ரோட்டுல கொட்டிக் கெடக்குற மலிவு கார்டு, பெட்டி மேல 4கே, உள்ள எம்எஸ்2109 சிப். யூஎஸ்பி 2, அதாவது 480 எம்பிபிஎஸ். 1080, 60ஐ அமுக்காம அனுப்ப 2000 எம்பிபிஎஸ் கிட்ட வேணும். அதனால எம்ஜேபெக்ங்கிற சுருக்குற முறையில நசுக்கி 1080க்கு 30தான் தரும். சத்தத்தை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோன்னு காட்டும், உண்மையில அது 48 ஸ்டீரியோ. 60 கேட்டு கார்டு வாங்கினவன் கைக்கு 30. மகா நியாயம்!

அப்புறம் போன்லேர்ந்து படம் வெளிய வரணுமே? டைப்-சி ஓட்டை இருந்தா போதாது, அது வழியா படத்தை வெளிய அனுப்புற டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு வேணும். ஸ்பெக்ல யூஎஸ்பி 2.0ன்னு இருக்கிற நடுத்தர போன்ல சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டர் சொருகினா கருப்புத் திரைதான். வந்தாலும் 20:9 திரை 16:9 சட்டத்துல உக்காரணும். 1920 அகலத்துக்கு உயரம் 864. மேலயும் கீழயும் தலா 108 வரி கருப்புப் பட்டை. 1080னு சொல்லிக்கிட்டே 864 பாக்குறீங்க.

சீனு_எஸ்பிரோடு
நான் சொன்னது யூஎஸ்பி 3 கார்டு.

கேஆர்புரம்_கேபிள்
எந்த வரில? மேல ஏறி ரெண்டு தடவை படிச்சேன். போன வருஷம் பவர்பேங்க் சண்டையிலயும் இதே பல்டிதான்.

சீனு_எஸ்பிரோடு
பவர்பேங்க் விஷயத்துல நான் சொன்னதுதான் சரி. அதை இங்க இழுக்காதீங்க. அல்சூர்காரர் ஃபைலைக் காட்டட்டும். மீடியாஇன்ஃபோ ஸ்கிரீன்ஷாட், ஒரே ஒரு படம்.

மாரத்தஹள்ளி_மது
அண்ணா, நடுவுல ஒரு கேள்வி. கேம் சத்தம் பதிவாகுது, டீம்ல பேசுறவங்க குரல் மட்டும் வரல. ஆண்ட்ராய்டு 12. ரெக்கார்டர்ல டிவைஸ் ஆடியோ ஆன்லதான் இருக்கு.

அல்சூர்_ஸ்னைப்பர்
தம்பி, அது கோளாறு இல்ல. ஆண்ட்ராய்டு 10லதான் உள் சத்தத்தைப் பிடிக்கிற வசதியே வந்துச்சு. மீடியா, கேம்னு முத்திரை போட்ட சத்தமும், என்னன்னு முத்திரை போடாத சத்தமும் மட்டும்தான் அதுல போகும். வாய்ஸ் சாட்டுக்கு அழைப்பு முத்திரை, அதைத் தொட விடாது. கேம் தயாரிச்சவங்க வேண்டாம்னா கேம் சத்தத்தையும் பூட்டலாம். டீம் பேச்சை வேற போன்ல கால் போட்டுப் பேசு, அந்த சத்தத்தைத் தனியா ரெக்கார்ட் பண்ணு. கேம் ரெக்கார்டர்ல மைக்கையும் ஆன் பண்ணிட்டு மேட்ச் தொடங்குறப்ப ஒரு கைதட்டு, எடிட்ல சத்தத்தோட கோட்டுல எழும்புற அந்த முள்ளை வச்சு ரெண்டையும் ஒட்டிடலாம். கேம் போன்ல புளூடூத் இயர்போன் மைக்கை மட்டும் ஆன் பண்ணாதே. கால் மோடுக்கு மாறி, நீ கேக்குற சத்தமெல்லாம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடும்.

சீனு_எஸ்பிரோடு
"எல்லா சத்தமும் வரும்"னு எழுதினது யாரு? இதே வாய்தானே?

அல்சூர்_ஸ்னைப்பர்
கேம் சத்தத்தைச் சொன்னேன். படிக்கத் தெரியணும்.

வாசகன்_விவேக்நகர்
நண்பர்களே, விவாதம் நன்று. ஆனால் 'ஃப்ரேம்' என்பதைச் 'சட்டகம்' என்றும் 'ரெக்கார்டிங்' என்பதைப் 'பதிவு' என்றும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? பெங்களூருக்கு வந்தால் தமிழையும் பேருந்து நிலையத்தில் விட்டுவிட வேண்டுமா?

கேஆர்புரம்_கேபிள்
செட்டிங்ல போயி 'சட்டகம்'னு தேடுங்க சார், கெடைச்சா சொல்லுங்க. நாங்க ஸ்ரீராம்புரத்துல பொறந்து தமிழ்ல திட்டு வாங்கி வளந்தவங்க, எங்களுக்கு யாரும் பஸ் ஸ்டாண்டு காட்ட வேணாம்.

விஷயத்துக்கு வரேன். காசே செலவில்லாம, போன் திரையை கம்ப்யூட்டர்ல காட்டிப் பதியிற ஸ்கிரீன்காப்பி இருக்கு, பேரை எஸ்சிஆர்சிபிஒய்னு எழுதுவாங்க. டெவலப்பர் ஆப்ஷன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன், கேபிள் சொருகு, முடிஞ்சுது. 2023ல வந்த 2.0லேர்ந்து சத்தமும் வருது, ஆண்ட்ராய்டு 11ஆவது வேணும். பிட்ரேட்டை விட்டா 8தான், 16க்கு ஏத்துங்க. சத்தம் கம்ப்யூட்டருக்குப் போயிடும், போன்ல கேக்காது, பதறாதீங்க. ஃபைலை எம்கேவி வகையில எழுதுங்க. எம்பி4ல எந்த ஃப்ரேம் எங்கன்னு சொல்ற அட்டவணை கடைசியிலதான் எழுதப்படும், நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சா மொத்த ஃபைலும் திறக்காது.

சீனு_எஸ்பிரோடு
ஸ்கிரீன்காப்பியிலயும் வீடியோவைச் சுருக்குறது போனோட சிப்தான். கம்ப்யூட்டர் வாங்கி வைக்குது, அவ்வளவுதான். போன் சூடு அப்படியே, வேரியபிளும் அப்படியே. கார்டுல மட்டும்தான் சுருக்குற வேலை போனை விட்டு இறங்குது. நான் முதல் நாள்லேர்ந்து சொல்றது இதுதான்.

கேஆர்புரம்_கேபிள்
முதல் நாள் நெய் ரோஸ்ட்தான் சொன்னீங்க.

அல்சூர்_ஸ்னைப்பர்
சூட்டுக்கு கவரைக் கழட்டு, பிரைட்னெஸ்ஸை பாதிக்கு இறக்கு, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதே, கிராஃபிக்ஸை ஒரு படி குறைச்சு ஃப்ரேமை 60லயே பூட்டு. 90ல ஆடி 60ல பதிஞ்சா அசைவு சமமா வராது, வெட்டி வெட்டி வரும். இதைச் செஞ்சிட்டு மினிமம் என்னன்னு பாரு.

சீனு_எஸ்பிரோடு
பாத்துச் சொல்லுங்களேன், நீங்களே. படத்தைப் போடுங்க. ரெண்டாவது தடவை கேக்குறேன்.

வாசகன்_விவேக்நகர்
'இரண்டாம் முறை.'

மாரத்தஹள்ளி_மது
கைதட்டி ஒட்டினேன், சரியா வருது, நன்றிங்கண்ணா. யூஎஸ்பி 3 கார்டு வேணும்னா ஞாயித்துக்கிழமை எஸ்.பி. ரோடு திறந்திருக்குமா?

சீனு_எஸ்பிரோடு
பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமை போ தம்பி. போறதுக்கு முன்னாடி போன் ஸ்பெக்ல டிஸ்ப்ளேபோர்ட்னு இருக்கான்னு பாரு. சார்ஜ் உள்ள போற ஹப்பா கேளு, இல்லன்னா ஆடிக்கிட்டிருக்கப்பவே பேட்டரி காலி.

அல்சூர்_ஸ்னைப்பர்
வித்துட்டார்யா ஒண்ணு!

சீனு_எஸ்பிரோடு
மீடியாஇன்ஃபோ படம் இன்னும் வரல.