லார்ஜ் சென்ட் உங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்டைச் சேர்க்கிறவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருப்போம். 1793 முதல் 1857 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தார்களே, அந்த லார்ஜ் சென்ட்டைத்தான் சொல்கிறேன். உங்கள் முதல் காசு எப்படிக் கைக்கு வந்தது, அதற்கப்புறம் எந்தக் காசு உங்களை உலுக்கியது என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் முன்பு லங்காஸ்டர் பக்கம் ஒரு பழம்பொருள் கடைக்கு மர அலமாரி பார்க்கப் போனோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணம், அதற்குள் தேய்ந்த காசுகள். ஒன்றை எடுத்ததும் முதலில் தெரிந்தது அதன் கனம்தான். நம் ஊர்க் காலணாவைவிடப் பெரியது. இன்றைய அரை டாலரை எட்டிப்பிடிக்கும் அளவு. நல்ல கருப்பட்டி நிறம். காசில் பொறித்த சுதந்திர தேவி லிபர்ட்டியின் கூந்தல் முழுக்க மழுங்கிவிட்டது, ஆனால் ஆண்டைச் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது: 1802. தாமஸ் ஜெஃபர்சன் அதிபராக இருந்த வருடம். விலை 18 டாலர். அலமாரி வாங்கவில்லை.

அந்தத் தேய்மானம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. யாரோ ரொட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள், யாரோ தபாலுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவு விரல்கள் சேர்ந்துதான் அந்தக் கூந்தலை அழித்திருக்கின்றன. புத்தம் புதுசாக, பெட்டியிலேயே தூங்கிய காசைப் பார்த்தால் எனக்கு அந்த எண்ணம் வருவதில்லை.

சரி, அடுத்தவர் எழுதுங்கள்.

கொலம்பஸ், ஒஹாயோவிலிருந்து:

அண்ணா, எனக்கு 1794. அதைச் சொன்னால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடத்துக் காசுகளுக்கென்றே ஒரு தனிப் பைத்தியம் உண்டு. அப்போது ஒவ்வொரு அச்சையும் கையால்தான் வெட்டினார்கள். எழுத்துக்களை ஒவ்வொன்றாக எஃகில் அடித்து இறக்கினார்கள், அதனால் எந்த இரண்டு அச்சும் ஒரே மாதிரி இருக்காது. முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு; 1794-இல் மட்டும் அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு ஜோடிகள். பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1869-இல் அவற்றுக்குச் செல்லப்பெயரே வைத்தார்: இரட்டைத் தாடை, சாய்ந்த நாலு, வீனஸ் மரீனா, பட்டகோனியன். பிற்பாடு 1949-இல் வில்லியம் ஷெல்டன் 1793 முதல் 1814 வரையிலான எல்லா வகைகளுக்கும் எண் கொடுத்தார். இன்றைக்கும் நாம் பேசுவது அந்த எண்களில்தான்.

நான் வாங்கியது மிகவும் தேய்ந்த காசு. எந்த வகை என்று கண்டுபிடிக்க மூன்று இரவு ஆனது. பூப்பக்கத்தில் இலைவளையத்தின் இடப்புறம் எத்தனை காய், வலப்புறம் எத்தனை காய், எந்த இலை நுனி எந்த எழுத்துக்குக் கீழே வருகிறது, கீழே 1/100 என்ற பின்னத்தின் கோடு எங்கே தொடங்குகிறது, இப்படி ஒவ்வொன்றாக எண்ணினேன். நாலு காயில் ஒன்று தேய்ந்து போயிருந்தால் கணக்கே மாறிவிடும். ஒருபக்கம் விளக்கு, கையில் லூப் என்கிற உருப்பெருக்கி, பக்கத்தில் புத்தகம். மூன்றாம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு விடை கிடைத்தது. சாதாரண வகைதான், பெரிய விலை ஒன்றும் இல்லை. ஆனாலும் மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

உண்மையான சம்பவம் அதற்கடுத்த வருடம் நடந்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாணயக் கண்காட்சி. எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் தட்டில் வெல்வெட் துணி விரித்துச் செப்புக்காசு மட்டும் வைத்திருந்தார். என் காசைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே அச்சு ஜோடி! என் காசில் விளிம்பிலிருந்து வயல்வரப்பு மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அவருடையதில் அந்தக் கோடு இல்லை. "அச்சு முழுசாக இருந்தபோது அடித்தது என்னுடையது, விரிசல் விட்டபிறகு அடித்தது உன்னுடையது" என்றார். ஒரே இரும்பிலிருந்து சில நாட்கள், ஒருவேளை சில மணி நேரம், இடைவெளியில் பிறந்த இரண்டு காசுகள் இருநூறு வருடத்துக்கு மேல் அலைந்துவிட்டு ஒஹாயோவில் ஒரு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மதியம் வரை அங்கேயேதான் இருந்தேன்.

1794 காசு யார் கையில் இருந்தாலும் பூப்பக்க விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு அச்சில் விளிம்புப் பற்களுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்கள் உண்டு. ஷெல்டன் எண் 48. யார் போட்டார், எதற்குப் போட்டார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

சான் அன்டோனியோவிலிருந்து:

என்னுடையது வருத்தமான கதை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மேசைமேல் 1817 காசு ஒன்றை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், காசு பூஜையறைச் சொம்பு மாதிரி பளபளக்கிறது. "கறுத்துக் கிடந்ததுடா, புளி போட்டுத் துலக்கி வெச்சேன்" என்றார். செம்பு என்றால் புளி, அது அவர் கையில் ஊறியது. இருநூறு வருடம் சேர்ந்த நிறம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அந்தக் காசை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

தம்பி, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். துலக்கவே கூடாது. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், பல்பொடி எதுவும் வேண்டாம். மேலே அழுக்கோ பிசுக்கோ இருந்தால் சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம், நல்ல காற்றோட்டமான இடத்தில். அப்புறம் மென்மையான ஒட்டக முடித் தூரிகையால் மெல்ல வருடிக்கொடுத்தால் போதும். செம்புக்கு உண்மையான எதிரி களிம்பு. செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள், அதன் அர்த்தம் எனக்கு இந்தக் காசுகளைப் பார்த்துத்தான் புரிந்தது. நான் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்த 1831 காசு ஒன்றில் இரண்டே கோடைக்குள் பச்சைப் பிசின் பிடித்துவிட்டது. இப்போது எல்லாம் பருத்தித் துணி உள்வைத்த காகித உறைதான். ஈரப்பதம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் பெட்டிக்குள் கிடக்கிறது.

பாஸ்டன் பக்கத்திலிருந்து:

நான் ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கிறவள். 1793-இலிருந்து 1857 வரை 65 வருடம், அதில் 1815 என்று ஆண்டு பொறித்த சென்ட் மட்டும் கிடையாது. 1812-இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. பர்மிங்ஹாமிலிருந்து வந்துகொண்டிருந்த செப்பு வில்லைகள் நின்றுபோயின. கையிருப்பு தீர்ந்ததும் அச்சடிப்பும் நின்றது. ஆகவே 64 காசு. என்னிடம் இப்போது 61. இல்லாதவை 1793, 1799, 1804. இந்த மூன்றுதான் எல்லோருடைய பெட்டியிலும் காலியாக இருக்கும்.

1804-இல் அடிபட்டேன். இணையத்தில் 400 டாலருக்கு ஒன்று வந்தது. அந்த ஆண்டுக்கு மலிவு. சுமாரான நிலை, ஆண்டு தெளிவாக இருந்தது, ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். 1804-க்கு ஒரே ஒரு அச்சு ஜோடிதான் உண்டு, அதனால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஆண்டிலுள்ள சுழியத்துக்கு நேர் பின்னால், பூப்பக்கத்தில் நாட்டின் பெயரிலுள்ள "ஆஃப்" என்ற சொல்லின் முதல் எழுத்து, அந்த வட்ட எழுத்து, இருக்க வேண்டும். வாங்கியபிறகுதான் இதைப் படித்தேன். என் காசில் அது எங்கோ விலகி நின்றது. லூப்பில் பார்த்தால் கடைசி எண்ணைச் சுற்றி உலோகத்தைச் செதுக்கிய தடம். வேறொரு வருடத்தை யாரோ 4 ஆக்கியிருக்கிறார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இரண்டு மாதம் எதையும் வாங்கவில்லை. அப்புறம் செப்புக்காசில் ஊறிய ஒரு நண்பர் தன்னுடைய 1804-ஐ ஒரு வாரத்துக்கு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது, கையெழுத்து எதுவும் இல்லை. "இதை தினமும் பார், உன் கண் பழகிவிடும்" என்றார். கூடவே இன்னொன்றும் கொடுத்தார். சுமார் 1860-இல் தனியார் யாரோ துருப்பிடித்த பழைய அச்சுகளை எடுத்து, 1803 அச்சை 1804 என்று திருத்தி, பின்பக்கத்துக்கு 1820 அச்சைப் போட்டு அடித்த போலி மறுஅச்சடிப்பு. 1857-இல் சென்ட்டைச் சின்னதாக்கிப் பெரியதை நிறுத்தினார்களே, உடனே ஊரெல்லாம் பழைய சென்ட்டை ஆண்டு வாரியாகத் தேட ஆரம்பித்தது. அந்தப் பசிக்குப் போட்ட தீனிதான் இது. அதைக்கூட இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அதற்கும் ஒரு வரலாறு வந்துவிட்டது. ஏழு நாளும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். புத்தகத்தில் படித்து எனக்கு இது வந்திருக்காது.

பிலடெல்பியாவிலிருந்து:

அக்கா, 1793 வாங்க முடியாவிட்டாலும் கையில் பிடிக்கலாம். பெரிய ஏலங்களுக்கு முன்னால் காசுகளை நேரில் பார்வையிட விடுவார்கள். பெயர் பதிந்துவிட்டு உட்கார்ந்தால் கேட்ட எண்ணைக் கொண்டுவந்து தருவார்கள். நான் அப்படித்தான் செயின் சென்ட்டைப் பார்த்தேன்.

1793 மார்ச்சில் அடித்தது, மொத்தமே 36,103. பின்பக்கம் 15 கண்ணி கொண்ட சங்கிலி, 15 மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாக. ஆனால் ஜனங்கள் அதைப் பார்த்ததும் விலங்கு என்றார்கள்; சுதந்திரத்துக்கு இது கெட்ட சகுனம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்பது என் கருத்து. மனிதர்களைச் சங்கிலியில் கட்டி விற்றுக்கொண்டிருந்த நாட்டில் அந்தப் படம் வேறு எப்படித் தெரியும்? சில வாரத்தில் சங்கிலியை எடுத்துவிட்டு இலைவளையம் போட்டார்கள். முதல் அச்சில் "அமெரிக்கா" என்பதை முழுதாக எழுதாமல் "அமெரி." என்று குறுக்கியிருப்பார்கள். என் கைக்கு வந்தது அந்த வகை. வழுவழுப்பாக, ஓரத்தில் ஒரு வெட்டோடு, அழகே இல்லாத காசு. நான்கு நிமிடம் வைத்திருந்தேன்.

அங்கிருந்து நேரே ஏழாவது தெருவுக்கு நடந்தேன். முதல் நாணயச்சாலை அங்கேதான் இருந்தது, 1911-இல் இடித்துவிட்டார்கள். சென்ட் அடித்த முதல் வருடமான 1793-லேயே மஞ்சள் காய்ச்சல் இந்த ஊரில் சுமார் ஐயாயிரம் பேரைக் கொன்றது. லிபர்ட்டி தலையோடு கோலில் தொப்பி இருக்கும் சென்ட் வடிவத்தை வெட்டிய ஜோசப் ரைட்டும் அதில் போய்விட்டார். போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கொலம்பஸ், ஒஹாயோவிலிருந்து:

ரசீது இல்லாமல் 1804 கொடுத்தார் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. செப்புக்காசுக்காரர்களின் சங்கம் 1967 முதல் இருக்கிறது. அவர்களுடைய வருடாந்தரக் கூடுகையில் "ஹாப்பனிங்" என்று ஒரு மாலை உண்டு. முன்கூட்டியே சில வகைகளை அறிவித்துவிடுவார்கள். அந்த வகை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைப்பார்கள், மற்றவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எது சிறந்தது என்று வாக்களிப்பார்கள். வீடு வாங்கும் விலையுள்ள காசும் என் தேய்ந்த காசும் ஒரே மேசையில்.

இந்த நம்பிக்கை உடைந்ததும் உண்டு. எண் கொடுத்த அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தன்னுடைய தாழ்ந்த காசுகளை வைத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம்வரை போனது. அவர் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. ஆனாலும் அடுத்த கூடுகையில் மறுபடி பெட்டிகளைத் திறந்து வைக்கிறார்களே, அது பெரிய விஷயம்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

என் 1802-ஐ நான் இன்னும் பிளாஸ்டிக் பேழையில் அடைக்கவில்லை. மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரலாற்று ஆசிரியை வருடம் ஒருமுறை கூப்பிடுவார். முப்பது பிள்ளைகள் கைமாற்றிப் பார்ப்பார்கள். போன மாதம் ஒரு பையன் வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கடைசியாக எதை வாங்கியது?" என்று கேட்டான்.

கொலம்பஸ் தம்பி, மே மாதம் நீங்கள் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னீர்களே. அந்த 1794-ஐக் கொண்டுவாருங்கள். வெல்வெட் துணி என்னிடம் இருக்கிறது.