பலாலியில் முதல் வெளிநாட்டு விமானம் 2019-இலா? யார் சொன்னது?

பலாலி வீதியார்:
இன்று காலை யாரோ ஒரு புண்ணியவான் போட்ட படம் சுற்றிச் சுற்றி என் கைக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் பெயர்ப்பலகை, அதன் கீழே "2019 அக்டோபர் 17: பலாலி மண்ணில் முதன்முதலாக வெளிநாட்டு விமானம் இறங்கிய நாள்" என்று மஞ்சள் எழுத்து. குடித்த தேநீர் புரையேறிவிட்டது. தம்பிமாரே, அது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பயணமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம், பெயர் சீதா தேவி. 2019-இல் நடந்தது மறுதிறப்பு. தெரியாதவர்கள் படத்தை மட்டும் போட்டிருக்கலாம்.

கணக்கன்:
அந்தப் புண்ணியவான் நான்தான் ஐயா, வணக்கம். ஒரே ஒரு சந்தேகம். அந்த முதல் பயணத்தைப் பற்றி நான் படித்த இடத்திலெல்லாம் இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை என்றுதான் இருக்கிறது. பலாலி என்று எங்கே இருக்கிறது?

பலாலி வீதியார்:
காங்கேசன்துறையில் விமானம் எங்கே இறங்கும், கலங்கரை விளக்கத்தின் தலையிலா? குடாநாட்டில் அன்று இருந்தது ஒரே ஓடுபாதை. வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது துறைமுகமும் ரயில் முடியும் இடமும். அந்தப் பெயரை எழுதிவைத்தான். கட்டுநாயக்காவில் விமானத்தளம் போட்டு அதற்கு நீர்கொழும்பு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியாது.

கணக்கன்:
நீர்கொழும்பைப் பற்றி நான் கேட்கவில்லை. பலாலி என்று எங்கே இருக்கிறது?

துறைமுகத்தான்:
இருவருக்கும் இடையில் காங்கேசன்துறைக்காரன் ஒருவன் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது நினைவிருக்கட்டும். எங்கள் ஊரின் பெயரில் வந்த விமானத்தைப் பலாலியார் எடுத்துக்கொண்டார். சரி, சிமெந்துத் தொழிற்சாலையையும் எழுதிக்கொள்ளுங்கள். கீரிமலைக் கேணி மட்டும் மிஞ்சினால் போதும்.

பலாலி வீதியார்:
துறைமுகத்தான், நீர் எதற்குக் குறுக்கே வருகிறீர்? உம்முடைய ஊருக்கும் ஓடுபாதைக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிற தூரத்துக்கு எல்லைச் சண்டையா?

துறைமுகத்தான்:
நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் காங்கேசன்துறை என்றே எழுதுங்களேன். உங்களுக்கு என்ன வலிக்கிறது?

உறையூரான்:
நான் திருச்சிக்காரன். சண்டையில் கலந்துகொள்ள வரவில்லை. பலகையில் "சர்வதேச விமான நிலையம்" என்று இருக்கிறதே, "பன்னாட்டு" என்று எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். சர்வதேசம் வடமொழி அல்லவா?

ஆனைக்கோட்டைக்காரி:
வாருங்கள் அண்ணா, உங்களைத்தான் காணவில்லை என்று பார்த்தேன். திறந்த வாரமே "தமிழ் எப்படி முதல் வரியில் வரலாம்" என்று தெற்கில் சிங்களவர் சிலர் அந்தப் பலகையைப் பார்த்துக் கொதித்தார்கள். நீங்கள் அதே பலகைக்கு முன்னால் நின்று அந்தத் தமிழ் போதுமான தமிழில்லை என்கிறீர்கள். பாவம் அந்தப் பலகை.

உறையூரான்:
ஒரு நல்ல எண்ணத்தில் சொன்னேன், சகோதரி.

பலாலி வீதியார்:
பலகையை விடுங்கள். 1969-இல் நான் என் தகப்பனாருடன் இங்கிருந்து திருச்சிக்குப் போனவன். அவ்ரோ விமானம். ஏறுவதற்கு முன் எங்களையும் நிறுத்தார்கள், ஐயாவின் மடியிலிருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையையும் நிறுத்தார்கள். அரிசிக்கடைத் தராசு மாதிரி ஒன்று. எனக்கு அப்போது பத்து வயது. கூடையைவிட நான் இரண்டு இறாத்தல்தான் கூட இருந்தேன் என்று அந்த உத்தியோகத்தர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. கதவுக்கு வெளியே வெயிலில் தார் உருகி, என் செருப்பு ஒட்டிக்கொண்டது. அது வெளிநாட்டுப் பயணமா, இல்லை கனவா? கணக்கர் சொல்லட்டும்.

கணக்கன்:
1969 பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வயதுப் பிள்ளையைவிட இரண்டு இறாத்தல் குறைந்த மாம்பழக் கூடை பற்றி மட்டும் சிறிது உண்டு. அதை உங்கள் தகப்பனார் மடியில் வேறு வைத்திருந்தார்! நான் கேட்டது 1947. பலாலி என்று எங்கே இருக்கிறது?

பலாலி வீதியார்:
என் ஐயாவின் கூடையைத் தொடாதீர். போன மாதம் யாழ்தேவி ரயில் 1965-இல் ஓடத் தொடங்கியது என்று எழுதி, 1956 என்று நான் திருத்தியதும் மன்னிப்புக்கூடக் கேட்காமல் பதிவை அழித்துவிட்டு ஓடிய ஆள் நீர்தான். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

கணக்கன்:
அது தட்டச்சுப் பிழை. எண்கள் இடம் மாறிவிட்டன.

பலாலி வீதியார்:
அப்படியானால் இங்கும் 1947 இடம் மாறி 2019 ஆகிவிட்டதோ?

ஆனைக்கோட்டைக்காரி:
எங்கள் பெரியம்மா ஒரு கதை சொல்வார். காலையில் பலாலியில் ஏறி, சென்னையில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்ட குடும்பங்கள் உண்டாம். உண்மையா?

துறைமுகத்தான்:
எல்லாப் பெரியம்மாவும் இதைச் சொல்கிறார்கள். போனவர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லாம் "பக்கத்து வீட்டுக்காரர்"தான்.

பலாலி வீதியார்:
சந்திக்காவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தமா? எங்கள் பக்கத்து வீட்டுக்காரரே போய்வந்தவர்.

நீலவானம்:
நடுவில் நாற்பது ஆண்டை விழுங்கிவிட்டீர்களே. 1987 ஜூலை 30 அன்று இந்திய அமைதிப்படை விமானங்களில் வந்து இறங்கியது பலாலியில். அவையும் வெளிநாட்டு விமானங்கள்தாம். அதே ஆண்டு அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் கமாண்டோக்களை இறக்கப் போன ஹெலிகாப்டர்கள் கிளம்பியதும் இங்கிருந்துதான். 1998 செப்டம்பர் 29 அன்று 55 பேருடன் கிளம்பிய லயன் ஏர் அந்தனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்ததே, அது ஏறியதும் இதே ஓடுபாதையில். டக்கோட்டாவும் மாம்பழமும் மட்டுந்தானா வரலாறு?

கணக்கன்:
நன்றி. ஆனால் படைவிமானங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீலவானம்:
எதைச் சேர்ப்பீர்கள், எதைச் சேர்க்கமாட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். 1947 டிசம்பரில் இலங்கைக்கே சுதந்திரம் கிடைக்கவில்லை. அப்போது சென்னைக்குப் போனது வெளிநாட்டுப் பயணமா? "முதல்" என்றால் என்ன, "வெளிநாட்டு" என்றால் என்ன?

கணக்கன்:
அதெல்லாம் பிறகு. பலாலி என்று எங்கே இருக்கிறது?

பலாலி வீதியார்:
அதெல்லாம் பிறகு. 1947 டிசம்பர் 10.

வசாவிளான் பிள்ளை:
ஒரு வார்த்தை. 1990 ஜூனில் போர் வந்தபோது நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தோம். திறப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, கதவுதான் இல்லை. செம்மண் தோட்டம், வெங்காயம், புகையிலை, ஒரு கிணறு. அந்தக் கிணறு இப்போது இராணுவ வேலிக்கு அந்தப் பக்கம். அந்த ஓடுபாதையில் யாருடைய விமானம் முதலில் இறங்கியது என்று நீங்கள் தீர்மானித்த பிறகு, எங்கள் காணிக்கு என்ன வழி என்றும் யாராவது எழுதுங்கள்.

பலாலி வீதியார்:
தம்பி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் வேதனையும் தேதியும் வேறுவேறு. தேதியைத் தவறாக எழுதினால் நாளை அந்தக் காணியே முன்பு உங்களுடையது இல்லை என்று எழுதுவார்கள்.

வசாவிளான் பிள்ளை:
அதை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் ஐயா.

உறையூரான்:
ஒரு தகவல். 2019 நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் தொடங்கிய சென்னைச் சேவை அடுத்த மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-இல்தான் திரும்ப வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் பறக்கிறது. ஐயா 1969-இல் போன எங்கள் திருச்சியை 2025 மார்ச் வரை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

துறைமுகத்தான்:
டிக்கெட்டில் யாழ்ப்பாணம் என்றுதான் போடுகிறார்கள். பலாலி என்று போடவில்லை. சும்மா சொன்னேன்.

கணக்கன்:
பார்த்தீர்களா?

பலாலி வீதியார்:
என்ன பார்த்தீர்களா? யாழ்ப்பாணம் என்று டிக்கெட்டில் போட்டால் விமானம் யாழ் பஸ் நிலையத்திலா இறங்குகிறது? இதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன்! பெயர் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று. துறைமுகத்தான் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

துறைமுகத்தான்:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கணக்கன்:
என் படத்தை நான் திருத்தப்போவதில்லை. வேண்டுமானால் "முதன்முதலாக" என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறேன்.

பலாலி வீதியார்:
நட்சத்திரக் குறிக்குக் கீழே என்ன எழுதுவீர்?

கணக்கன்:
காங்கேசன்துறை என்று.

பலாலி வீதியார்:
இத்துடன் இந்த விவாதத்திலிருந்து நான் விலகுகிறேன். மூடர்களுடன் பேச எனக்கு நேரமில்லை.

பலாலி வீதியார்:
இன்னொன்று. ஏர் சிலோனிடம் அன்று இருந்த மூன்று டக்கோட்டாக்கள் சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவி. இதையாவது ஒத்துக்கொள்வீரா?

கணக்கன்:
மூன்றும் எங்கே இறங்கின?