வரையத் தெரியாதவன் டிசைன் படிக்கலாமா?

கோணல்கோடு:
பல்கலைக்கழகத்தில் டிசைன் அண்ட் கம்யூனிகேஷன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சேர்வதா வேண்டாமா என்று இரண்டு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். எனக்குப் படம் வரைய வராது, பூனை வரைந்தால் எலியா என்று கேட்கிறார்கள். பள்ளி ஆண்டு மலருக்குப் பக்கம் அமைத்திருக்கிறேன், தலைப்புகள் எழுதியிருக்கிறேன், இரண்டு மூன்று போஸ்டர் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். பெரியப்பா மகன் என்ன சொல்கிறான் என்றால், ஃபோட்டோஷாப்பும் ஃபிக்மாவும் ஆறு மாதத்தில் யூடியூப் பார்த்தே பழகிவிடலாம், அதற்குப் போய் யாராவது வருடக்கணக்கில் படிப்பார்களா, இப்போது ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் போஸ்டரே வந்துவிடுகிறதே என்று. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

மூன்றாமாண்டு:
நான் இதே படிப்பில் மூன்றாம் ஆண்டு. வரைய வராது என்ற பயத்தை முதலில் விடுங்கள். யோசிப்பதைத் தாளில் கிறுக்கிக் காட்டத் தெரிந்தால் போதும். அழகாக வரைபவர்கள் எங்கள் வகுப்பில் நாலைந்து பேர்தான், அவர்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம், போட்ட கோட்டை அழிக்க மனசு வராது.

முதல் பருவத்தில் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. கறுப்புத் தாளை வெட்டி ஒட்டுவது, ஒரே எழுத்தைப் பத்து அளவில் வைத்துப் பார்ப்பது, ஒரே சாம்பல் துண்டு வெள்ளையின் மேல் ஒரு மாதிரியும் கறுப்பின் மேல் வேறு மாதிரியும் தெரிவதைப் பார்ப்பது. இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு வேர் 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பவுஹவுஸ் பள்ளியின் அடிப்படை வகுப்பில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது, இதற்கா கட்டணம் கட்டினோம் என்றுதான் இருந்தது.

ஒரு அசைன்மென்ட் மட்டும் சொல்கிறேன். காகிதக் கப்பல் செய்யும் விதத்தை ஒரு வார்த்தைகூட எழுதாமல் படங்களால் மட்டும் விளக்க வேண்டும். ஒரே ராத்திரியில் முடித்தேன், பார்க்கவும் ஜம்மென்று இருந்தது. மறுநாள் ஆசிரியர் அதை, கப்பலே செய்து பழகாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். நான் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது படத்தில் அவர் நின்றுவிட்டார், தாளை முன்னால் மடிப்பதா பின்னால் மடிப்பதா என்று புரியவில்லை, ஏனென்றால் நான் போட்ட அம்புக்குறி இரண்டுக்குமே பொருந்தியது. பொறுக்க முடியாமல் ‘அது பின்னால்’ என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் திரும்பிப் பார்த்து, ‘தாளோடு சேர்த்து உன்னையும் மடித்து அனுப்புவதா?’ என்றார். வகுப்பே சிரித்தது, எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் தேடிப் பார்த்தால், இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே தீர்வு இருக்கிறது. அகிரா யோஷிசாவா என்ற ஜப்பானியர் வகுத்த முறையில் முன்பக்கம் மடிக்க வெறும் விட்டு விட்டுப் போட்ட கோடு, பின்பக்கம் மடிக்க இடையிடையே புள்ளி வைத்த கோடு. ஆனால் அந்தக் கோடுகளின் அர்த்தம் தெரியாதவரிடம் கொடுத்தால்? அங்கேதான் கம்யூனிகேஷன் ஆரம்பிக்கிறது. யூடியூபில் இது கிடைக்காது என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு எதிரே முழிக்கும் ஆள் அங்கே கிடைக்க மாட்டார்.

அச்சுமை:
மேலே சொன்னது சரி. நான் வேலைக்கு வந்து வெகு காலம் ஆகிறது. படிக்கும்போது விழுந்து விழுந்து பழகியது ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் சாப்ட்வேர், 2020 முடிவோடு அதற்கு மூடுவிழாவே நடந்துவிட்டது. சாப்ட்வேருக்காக மட்டும் படிப்பதாக இருந்தால் உங்கள் அண்ணன் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல், ஃபுளோரிடாவில் பாம் பீச் கவுன்டியின் வாக்குச்சீட்டு. வயதானவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் பெயர்களை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டு, துளை போடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் அதிபர் வேட்பாளர் அல் கோர் பெயர் இரண்டாவது, ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த பாட் புக்கானன் என்ற வேறொரு வேட்பாளருக்குப் போய்விட்டது. கோருக்கென்று நினைத்துப் பலர் அதில் குத்திவிட்டார்கள். மாநிலம் முழுவதையும் எண்ணிக் கடைசியில் கோர் தோற்றது வெறும் 537 வாக்கில்! எழுத்தைப் பெரிதாக்கியது தப்பா என்றால் இல்லை, அந்த ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கோணியதைத்தான் யாரும் பிடிக்கவில்லை. எந்தச் சாப்ட்வேரும் இதற்குச் சிவப்புக்கோடு போட்டுக் காட்டாது. ஏஐயும் கேட்டதைத்தான் செய்து தரும், கேட்டதே தப்பாக இருந்தால் தப்பை அழகாகச் செய்து தரும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் போர்ட்ஃபோலியோவில், அதாவது அவர்கள் கொண்டுவரும் வேலைத் தொகுப்பில், முடித்த வேலையை மேலோட்டமாகத்தான் பார்ப்பேன். தூக்கிப்போட்ட வரைவு இருக்கிறதா, ஏன் தூக்கிப்போட்டாய் என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள்.

பாதியில்_இறங்கியவன்:
எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கம் நான் சொல்கிறேன். நான் சேர்ந்த இடத்தில் இரண்டு வருடமும் மெனு எங்கே இருக்கிறது என்றுதான் காட்டினார்கள். வேலையைச் சுவரில் ஒட்டிப் பேசுகிற விமர்சன வகுப்பு பருவத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிய விஷயம், அதிலும் ‘குட், கலரை மாத்து’ என்பதோடு முடிந்துவிடும். கடன் ஏறுவதைப் பார்த்து வெளியே வந்துவிட்டேன். இப்போதும் இதே வேலையில்தான் இருக்கிறேன், ஆனால் என் தப்பை எடுத்துச் சொல்ல ஆள் தேடி அலைந்ததில் போன வருடங்கள் அதிகம், அதையும் மறைக்கவில்லை. அதனால் சேரும் முன் நேரில் போய், இறுதியாண்டு மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் வேலையும் ஒரே கை செய்ததுபோல இருந்தால் ஓடி வந்துவிடுங்கள்.

கோணல்கோடு:
எல்லோருக்கும் நன்றி. விமர்சன வகுப்பு பற்றி அவர்களிடமே கேட்கப்போகிறேன். ஒரு சந்தேகம், கட்டுரை நிறைய எழுதச் சொல்வார்களாமே, தியரி பயங்கரமாக இருக்குமா?

மூன்றாமாண்டு:
இருக்கும். ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1948இல் தொலைத்தொடர்புக்காகப் போட்ட கணக்கை வைத்து, அனுப்புநர், பெறுநர், நடுவில் இரைச்சல் என்று ஒரு படம் காட்டுவார்கள், எல்லாப் பாடத்திலும் அதே படம் வந்து உயிரை வாங்கும். ஆனால் எழுத வருகிற உங்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை, திணறுவது நாங்கள்தான்.

கோணல்கோடு:
காகிதக் கப்பல் படத்தை நேற்று நானும் வரைந்து தங்கையிடம் கொடுத்தேன். நான்காவது படம் வரை வந்தாள், அப்புறம் தொப்பியாக மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாவதை மூன்று விதமாக வரைந்து வைத்திருக்கிறேன், பள்ளி விட்டு வரட்டும்.