தாத்தாவின் ஜப்பான் வாள்: எந்த வகை?

வெலிங்டன்வாசி:
மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்த தாத்தா பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த வாள் இது. கைப்பிடியில் நூல் சுற்றியது போலத் தெரியும், தொட்டால் சில்லென்று உலோகம். பெயிண்ட் உரிந்த இடத்தில் அலுமினியம். இரும்பு உறை. அலகில், கைப்பிடியை ஒட்டி ஓர் எண். விற்க மாட்டேன், என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும். குன்னூர் மழைக்குத் துரு வேறு. எமரி தாள் போடலாமா?

ஊட்டி_பழம்பொருள்:
எமரி தாளைக் கிட்டேயே கொண்டு போகாதீங்க! இது 95ஆம் வகை. 1935இல் ஜப்பான் ராணுவத்தில் நம் ஹவில்தார் போன்றவர்களுக்காக வந்தது. ஆலையில் செய்த அலகுதான், ஆனாலும் தேடுகிறவர்கள் நிறைய. உறை வாயில் எண் இருக்கிறதா? இரண்டும் ஒன்றானால் மதிப்பே வேறு. மிச்சப் பெயிண்டையும் சுரண்டாதீங்க.

கோத்தகிரி_அண்ணன்:
அதிகாரிகளின் 98ஆம் வகை என்றால் திருக்கைத் தோல் மேல் நிஜ நூல் சுற்றியிருக்கும். மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றினால் பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியில் செய்தவர் பெயர் இருக்கலாம். அங்குள்ள கருந்துருவைத் துடைக்கவே கூடாது. வயதைக் கணிப்பதே அதை வைத்துத்தான்.

வெலிங்டன்வாசி:
டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா. உறையிலும் அதே எண்! தையல் மெஷின் எண்ணெய் போதுமா?

ஊட்டி_பழம்பொருள்:
தாராளமா. மெல்லிசா தடவுங்க, விரல் மட்டும் அலகில் படக் கூடாது.