குரோ எ கார்டன்: பழத்தோட விலையை உண்மையிலேயே ஏத்துற பெட் எது?

நாற்றங்கால்
ரோப்லாக்ஸ்ல செடி வளர்த்துப் பழம் விக்கிற குரோ எ கார்டன் கேம்ல பெட் ஸ்லாட் (தோட்டத்துல உதவுற பிராணிங்களை வைக்கிற இடம்) ஆரம்பத்துல மூணுதான், கூட்டிக்கிட்டே போனா எட்டு வரைக்கும் வரும். எதை வைக்கிறதுன்னு கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. அரிதான பெட், அழகான பெட் எல்லாம் வேண்டாம். பழத்தை வித்தா ஷெக்கல் (கேம் காசு) அதிகமா வரணும், அதுக்கு எது? காரணத்தோட சொல்லுங்க.

விசிறிவாழை
டிஸ்கோ பீ. யோசிக்கவே வேண்டாம். பழத்தோட விலையை ஏத்துற மாற்றத்தைத்தான் மியூட்டேஷன்னு சொல்றோம்: தங்கம் 20 மடங்கு, ரெயின்போ 50 மடங்கு, டிஸ்கோ 125 மடங்கு. சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துல இருக்குற ஒரு பழத்தை டிஸ்கோ ஆக்கப் பார்க்கும். டிராகன்ஃபிளை பெட் கொடுக்குற தங்கத்தைவிட ஆறு மடங்கு பெருசு.

கணக்குப்பிள்ளை
"ஆக்கப் பார்க்கும்"னு நீங்களே சொல்லிட்டீங்க. ஒவ்வொரு முயற்சியிலும் பலிக்கிற வாய்ப்பு 16 சதவீதம்தான். சராசரியா ஆறேகால் முயற்சிக்கு ஒரு பழம், அதாவது ஒரு டிஸ்கோ பீக்கு 125 நிமிஷத்துக்கு ஒண்ணு. டிராகன்ஃபிளை சுமார் 5 நிமிஷத்துக்கு ஒரு பழத்தைத் தங்கமாக்கும், அதுல வாய்ப்புங்கிற பேச்சே கிடையாது. அந்த 125 நிமிஷத்துல 25 தங்கப் பழம் வந்துடும்.

அதைவிட முக்கியமான விஷயம், தங்கத்தையும் டிஸ்கோவையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. விலை கணக்கு இப்படித்தான் ஓடுது: மழை, மின்னல், தேனீ மாதிரி வெளியில இருந்து வர்ற மியூட்டேஷன் ஒவ்வொண்ணுலயும் 1 கழிச்சு, எல்லாத்தையும் கூட்டி, அதோட 1 சேர்க்கணும். வர்ற எண்ணைத்தான் தங்கமோ ரெயின்போவோ பெருக்கும். டிஸ்கோ கூட்டல் பக்கம், தங்கம் பெருக்கல் பக்கம்.

ஏற்கெனவே மின்னல் பட்டு ஷாக்ட் ஆன பழத்தை எடுத்துக்குங்க, அது 100 மடங்கு. அதுல டிஸ்கோ விழுந்தா 1 + 99 + 124 = 224. விலை 2.24 மடங்குதான் ஏறுது. அதே பழம் தங்கமானா நேரா 2000. டிஸ்கோவும் தங்கமும் ரெண்டும் இருந்தா 4480.

விசிறிவாழை
சூத்திரம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா உதாரணத்தை உங்களுக்குத் தோதா எடுத்திருக்கீங்க. ஷாக்ட் படாத வெறும் தங்கப் பழத்துல டிஸ்கோ விழட்டும்: 20ல இருந்து 2500. அப்போ 125 மடங்கும் முழுசா வேலை செய்யுது.

இன்னொண்ணு, டிராகன்ஃபிளை எந்தப் பழத்தைப் பிடிக்கும்னு உங்க கையில இல்ல. ஓரத்துல பத்து கேரட் கிடந்தா அதையும் தங்கமாக்கிட்டு நிக்கும். தங்கக் கேரட்டை வித்து என்ன வரப்போகுது? அதோட, எல்லாப் பழமும் தங்கமாயிட்டா அதுக்கு அப்புறம் அதுக்கு வேலையே இல்ல. தோட்டத்துல 60 பழம், நாலு டிராகன்ஃபிளைன்னு வைங்க. மணிக்கு 48 தங்கம். ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சிடும். மிச்ச நேரம் நாலு ஸ்லாட்டும் சும்மா கிடக்கும்.

கணக்குப்பிள்ளை
கேரட் விஷயம் உண்மை. ஆனா அது பெட்டோட குறை இல்ல, தோட்டத்தோட குறை. டிராகன்ஃபிளை வைக்கிறதுக்கு முன்னாடி மண்வெட்டியை எடுத்து விலை குறைஞ்ச செடி எல்லாத்தையும் தோண்டி எடுத்துடணும். திரும்பத் திரும்பக் காய்க்கிற, விலை உள்ள ஒரே வகை மட்டும் இருக்கட்டும். இது டிஸ்கோ பீக்கும் பொருந்தும், அதுவும் பக்கத்துல எது இருக்கோ அதைத்தான் பிடிக்கும்.

ஈரமண்
ரெண்டு பேரும் பட்டர்ஃபிளையை விட்டுட்டீங்க. பெருக்கல் பக்கம்தான் பலம்னா அதுல உச்சம் ரெயின்போ, தங்கத்தைவிட இரண்டரை மடங்கு. பட்டர்ஃபிளை சுமார் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை அஞ்சோ அதுக்கு மேலயோ மியூட்டேஷன் இருக்குற பழத்துக்குப் போய், அது எல்லாத்தையும் துடைச்சிட்டு ரெயின்போ ஆக்கும்.

"துடைச்சிடுமே"ன்னு பலரும் பயப்படுறாங்க. மலிவான மியூட்டேஷனைத்தானே கொடுக்கணும்! வெட் (ஈரம்) 2, மூன்லிட் 2, சாக்லேட் 2, விண்ட்ஸ்ட்ரக் 2, பொலினேட்டட் 3. கூட்டினா மொத்தமே 7. அந்த 7ஐக் கொடுத்து 50 வாங்குறோம். அப்புறம் அதே பழத்தைப் பறிக்காம செடியிலயே விட்டா மழையும் மின்னலும் டிஸ்கோவும் அதுமேல மறுபடி சேரும். அதனால முதல்ல பட்டர்ஃபிளை, அப்புறம்தான் டிஸ்கோ பீ. வரிசை மாறினா நஷ்டம்.

தப்பு நடக்குற இடம் ரெண்டு.

வெட் (ஈரம்), சில்ட் (குளிர்) ரெண்டும் ஒரே பழத்துல சேர்ந்தா ரெண்டும் மறைஞ்சு ஃப்ரோஸன்னு ஒண்ணாயிடும். அஞ்சுன்னு எண்ணிக்கிட்டு இருப்பீங்க, உள்ள நாலுதான் இருக்கும், பட்டர்ஃபிளை கிட்டயே போகாது. பழத்தைச் சில்ட் ஆக்குற போலார் பேர் வச்சிருந்தா இது அடிக்கடி நடக்கும்.

ரெண்டாவது, ஷாக்ட், செலஸ்டியல் விழுந்த பழம். அது ரெண்டும் சேர்ந்தாலே 219. அதை 50க்கு மாத்தினா பெரிய இழப்பு. அந்தப் பழத்துல உடனே ஃபேவரிட் இதயத்தைப் போட்டுடுங்க, பட்டர்ஃபிளை அதைத் தொடாது. இந்த ஒரு அடையாளத்தைப் போட மறந்துட்டு பட்டர்ஃபிளையைத் திட்டுறது நியாயமே இல்ல.

கணக்குப்பிள்ளை
ஈரமண், வரிசை பத்திச் சொன்னது அருமை. ஆனா வேகத்தைப் பாருங்க. மணிக்கு ரெண்டே பழம். குயின் பீ கூட வச்சா நீளமான கூல்டவுன் (அடுத்த தடவை வேலை செய்யுற வரைக்கும் காத்திருக்குற நேரம்) இருக்குற பெட்டை அது மறுபடி தயார் பண்ணிவிடும், அதனால கொஞ்சம் கூடும். இருந்தாலும் ஒரே அளவுப் பழமா நிறைய இருந்தா டிராகன்ஃபிளை மணிக்கு 12 × 20 = 240, பட்டர்ஃபிளை 2 × 50 = 100.

பட்டர்ஃபிளை ஜெயிக்கிறது பெரிய பழத்துல. விலை எடையோட வர்க்கத்துல ஏறுது: இரண்டு மடங்கு எடைன்னா நாலு மடங்கு விலை, மூணு மடங்குன்னா ஒன்பது. அப்படி ஒரு ராட்சசப் பழம் காய்ச்சிருந்தா அதுக்கு ரெயின்போதான் கொடுக்கணும். தங்கமும் ரெயின்போவும் ஒரே பழத்துல சேராது.

வரப்புக்காவல்
எல்லாரும் சொந்தத் தோட்டத்தையே பார்க்குறீங்க. ரக்கூன் சுமார் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை நகல் எடுத்து உங்க கையில கொடுக்கும். அங்க இருக்குற பழத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மேல கணக்குப் போட்ட அந்த 4480 மடங்குப் பழம் நண்பரோட செடியில தொங்கினா, மணிக்கு நாலு நகல் வரும். இதுக்கு எந்தப் பீ ஈடாகும்?

தனி சர்வர்ல ரெண்டே பேர் இருங்க. ஒருத்தர் தோட்டத்துல சாதாரணச் செடி ஒண்ணுகூட இருக்கக் கூடாது, மியூட்டேஷன் ஏறின பழம் மட்டும். அவர் பறிக்கவே கூடாது. இன்னொருத்தர் ரக்கூனோட நிக்கணும். பொது சர்வர்ல ரக்கூனை வச்சா தக்காளியும் ஸ்ட்ராபெரியும்தான் வந்து குவியும்.

மிமிக் ஆக்டோபஸ் இருந்தா அதையும் இங்கதான் போடணும். சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க வேற ஒரு பெட்டோட திறமையை நகல் பண்ணும். அது 5 நிமிஷ டிராகன்ஃபிளையை நகல் பண்ணினா வீண். கூட ரக்கூன் மட்டும் இருந்தா ஒவ்வொரு தடவையும் ரக்கூன் வேலைதான் நடக்கும்.

விசிறிவாழை
அந்த 4480 பழத்தை முதல்ல யாராவது உண்டாக்கணுமே வரப்புக்காவல்! ரக்கூன் புதுசா எதையும் ஏத்துறதில்ல. அதுவும் நைட் முட்டையில 0.1 சதவீதம், சராசரியா ஆயிரம் முட்டைக்கு ஒண்ணு. ஆன்ட்டி பீ முட்டையில டிஸ்கோ பீ 0.25, பட்டர்ஃபிளை 1 சதவீதம். பக் முட்டையில டிராகன்ஃபிளையும் 1 சதவீதம். 1 சதவீதம்னா நூறு முட்டையில கட்டாயம் வந்துடும்னு நினைக்காதீங்க, நூறு பொரிச்சா குறைஞ்சது ஒண்ணாவது கிடைக்கிற வாய்ப்பு 63 சதவீதம்தான். பக் முட்டை ஒண்ணு 5 கோடி ஷெக்கல், பொரிய 8 மணி நேரம். மூணு முட்டை இடத்தை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு 9தான் முடியும், நூறு பொரிக்க 11 நாளுக்கு மேல ஆகும்.

நாற்றங்கால்
டி-ரெக்ஸ் பத்தி யாரும் பேசலையே? எனக்கு ஸ்லாட் அஞ்சு, தனி சர்வருக்கு ஆள் இல்ல. டிராகன்ஃபிளை ரெண்டு, பட்டர்ஃபிளை ஒண்ணு, டிஸ்கோ பீ ஒண்ணு, போலார் பேர் ஒண்ணு இருக்கு.

ஈரமண்
டி-ரெக்ஸ் ஒரு பழத்துல இருந்து ஒரு மியூட்டேஷனைத் தின்னுட்டு வேற மூணு பழத்துக்குப் பரப்பும். தின்னது டிஸ்கோன்னா லாபம், வெட்னா ஒண்ணுமில்ல. மலிவான மியூட்டேஷன் நிறைஞ்ச தோட்டத்துல வேண்டாம்.

உங்களுக்கு: போலார் பேரை எடுத்துடுங்க, பட்டர்ஃபிளை எண்ணிக்கையைக் கெடுக்குது. பெரிய பழம் ரெண்டு மூணு தேறினா அதுக்கு அஞ்சு மலிவான மியூட்டேஷன் சேரும் வரைக்கும் டிராகன்ஃபிளை ரெண்டையும் வெளியில விடாதீங்க, முந்திக்கிட்டு தங்கமாக்கிடும். ரெயின்போ ஆனதும் இதயம் போட்டுட்டு, பட்டர்ஃபிளையை எடுத்துட்டு, டிராகன்ஃபிளை ரெண்டையும் டிஸ்கோ பீயையும் ஒண்ணா விடுங்க.

கணக்குப்பிள்ளை
பெட்டுங்களுக்குப் பசியையும் பாருங்க. பசியைக் காட்டுற பட்டை காலியாயிட்டா எந்தப் பெட்டும் வேலை செய்யாது, வயசும் ஏறாது. வயசு ஏறினாத்தான் எடை கூடி கூல்டவுன் குறையும். தீனிக்குத் தனியா ஒரு மலிவான செடி வைக்காதீங்க, டிராகன்ஃபிளை அதைத் தேடிப் போகும். வெளியில இருந்து பறிச்சு வச்ச பழம் பையில பத்து இருந்தா போதும்.